தெருமுனையில் நின்ற பாட்டு

இடது கையில் இரண்டு விரல்கள் மடங்க மறுத்த பிறகு கீபோர்டு வாசிப்பதை விட்டுவிட்டேன். சபைகளில் வாசிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பாட்டுக்கு எந்தச் சுருதி, எந்த இடத்தில் தாளத்தை மாற்றுவது என்பதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. என்னைவிட அதற்கு அதிகம் தெரியும். அதனால் போனில் கிடைக்காத ஒரு பகலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அருப்புக்கோட்டையில் நூல் மில், பிறகு லாரியில் கிளீனர், பிறகு திருப்பூரில் சாயப்பட்டறை. ஒரே ஊரில் தொடர்ந்து இரண்டு கிறிஸ்துமஸ் பார்த்தது அபூர்வம். திருப்பூரில் ஒரு ஜெபக்கூட்டத்தில் வாசிக்க ஆள் வராத அன்று கீபோர்டுப் பெட்டியில் கை வைத்தேன்; அந்த ஒன்றை மட்டும் பிறகு விடவில்லை. ஊர் திரும்பியதும் திருச்சுழி, பரளச்சி பக்கத்துச் சிறு சபைகள் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனேன். பஸ் போகாத ஊர்களுக்குப் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். பட்டினியோடு வாசித்த நாட்களும் உண்டு. அதில் சொல்ல ஒன்றுமில்லை. பசித்தவன் விரலும் ஓடத்தான் செய்யும்.

சங்கீதப் புத்தகத்தை நான் பக்திக்காகப் படிக்கவில்லை, பாட்டுக் கட்டுவதற்காகப் படித்தேன். படித்தபோதுதான் அதில் எவ்வளவு அழுகை இருக்கிறது என்று தெரிந்தது. நாம் அதைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம். துதிப் பாட்டு என்று யாராவது சொன்ன உடனே நம் கை வேகமான தாளத்தைத் தேடுகிறது. எக்காளம், யாழ், குழல், கைத்தாளம் என்று வாத்தியங்களை வரிசையாகக் கூப்பிடுகிற கடைசிச் சங்கீதம்தான் நம்மைப் போன்றவர்களுக்குப் பிடித்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அறுபத்து மூன்றாம் சங்கீதம் வேறு மாதிரி. தண்ணீர் இல்லாத, காய்ந்து வெடித்த நிலத்தில் நின்று ஒருவன் கடவுளைத் தேடுகிறான். அங்கே ஒரு வாத்தியமும் கிடையாது. அவனிடம் இருப்பது உதடு, வாய், மேலே தூக்கிய கை, அவ்வளவுதான். எங்கள் கரிசல் காட்டுக்கு எழுதியது போலவே இருந்ததால், அந்தப் பொருளை எங்கள் பேச்சுத் தமிழில் மூன்று சரணமாகக் கட்டி, பரளச்சி பக்கத்து ஜெபவீட்டில் வெள்ளிக்கிழமைகளில் பாடவைத்தேன். தகரக் கூரை போட்ட சின்னக் கட்டடம் அது. வெயில் ஏறினால் பெட்டியின் கட்டைகள் சுடும்.

அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறவர்களில் முத்துலட்சுமி என்ற அம்மாவும் ஒருவர். பக்கத்து ஊரில் சொந்த நிலமுள்ள சம்சாரி வீட்டு மருமகள். கணவரும் அவர் தம்பியும் சேர்ந்த அந்தக் குடும்பத்தில் வேறு யாரும் சபைக்கு வருகிறவர்கள் இல்லை. அந்த அம்மாவும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. பொட்டு வைத்துக்கொண்டுதான் வருவார். கணவர் பெருமாள்சாமி மொபெட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கூட்டம் முடியும்வரை டீக்கடையில் இருப்பார். ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. ஒருநாளும் போகாதே என்று மனைவியைத் தடுத்ததும் இல்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது.

முத்துலட்சுமி அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கூட்டத்துக்கு வருவது நின்றது. சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் பெருமாள்சாமி என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அவ போயிட்டாய்யா, விடியக்காலம்" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் அதைக் கேட்கவும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்டா. என்னையத் தூக்கிட்டுப் போகையில அந்தத் தண்ணியில்லாத காட்டுப் பாட்டை முழுசாப் பாடணும்னா. பாதியில நிப்பாட்டிரக் கூடாதுன்னா. சரி ஆத்தான்னு சொல்லிட்டேன். நீங்க வரணும்."

"உங்க தம்பி ஒத்துக்கிட்டாரா?"

"வாங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போதகரும் நானும் சபையார் இரண்டு பேரும் லோடு ஆட்டோவில் பெட்டியையும் ஸ்பீக்கரையும் ஏற்றிக்கொண்டு போனோம். போதகர் வயதில் சின்னவர், ஊழியத்துக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. பந்தல் போட்டிருந்தார்கள். கொட்டுக்காரர்கள் ஓரமாகத் தீ மூட்டி மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பெட்டியை இறக்கியதும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்தார்.

"மைக்செட்டா? வாங்க வாங்க. சோகப் பாட்டா நாலு போடுங்க. சவுண்டு கூட்டிப் போடுங்க, போன தடவை வந்தவன் செட்டு இருமிக்கிட்டே கெடந்துச்சு."

போதகர் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பெருமாள்சாமியின் தம்பி சீனி வந்துவிட்டார். தடித்த உடம்பு, அழுது சிவந்த கண். அண்ணனும் தம்பியும் ஒரே நிலத்தில் சேர்ந்து பாடுபடுகிறவர்கள்.

"யாரு வரச்சொன்னது?"

"உங்க அண்ணன். அம்மாவோட கடைசி ஆசை..." என்று போதகர் ஆரம்பித்தார்.

"அவுக எங்க மதினி. எனக்குச் சோறு போட்ட கை. அவுக ஆசை எங்களுக்குத் தெரியாதா? இந்தா பாருங்க, மாலை போடுங்க, நில்லுங்க. வந்தவுகள வெரட்டுற குடும்பம் இல்ல இது. ஆனா பாட்டு, ஜெபம், பெட்டி ஒண்ணும் கூடாது. என் மகளுக்குச் சம்பந்தம் பேசியிருக்கு. மாப்ள வீட்டுக்காரவுக உள்ளதான் உக்காந்திருக்காக. நாளைக்கு அவுக கேள்வி கேட்டா நீங்களா வந்து பதில் சொல்லுவீக?"

பந்தலுக்குள் பெருமாள்சாமி தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. நிமிரவில்லை. ஒரு பக்கம் மனைவிக்குக் கொடுத்த வாக்கு, மறுபக்கம் தம்பி மகளின் வாழ்வு. அந்த இடத்தில் அவர் என்ன பேச முடியும்?

நான் பெட்டியைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றினேன். போதகருக்குக் கோபம்.

"அண்ணே, இப்படி விட்டுக்குடுத்தா எப்படி? தைரியமா நிக்க வேணாமா?"

"பொணம் கெடக்குற வீட்ல எதுக்குத் தம்பி தைரியம்?" என்றேன்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சீனி சொன்னதிலும் இருந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்போது வாத்தியக்காரன் செய்ய வேண்டிய முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது. சண்டை வந்தால் அந்த அம்மாவின் சாவு மறந்துபோய்ச் சண்டைதான் ஊரில் நிற்கும்.

மாலையைப் போட்டுவிட்டு வேலிக்கருவை நிழலில் நின்றோம். உள்ளே பெண்கள் உடலைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒப்பாரி சொன்னார்கள். பிறந்த வீடு, புகுந்த வீடு, ஆஸ்பத்திரிக்கு அலைந்த அலைச்சல் என்று போய்க்கொண்டிருந்தது. எனக்கு அதில் பாதி காதில் விழவில்லை. பெருமாள்சாமியின் குனிந்த தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்குப் பிறகு நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்தார்கள். குளிப்பாட்டிப் பாடையில் வைத்தார்கள். அந்த நேரத்தில் ஒப்பாரியின் ராகம் மாறியது. முதலில் நான் நம்பவில்லை. மெதுவாக, இழுத்து இழுத்து, சுருதி எங்கேயோ கீழே கிடக்க, என்னுடைய பாட்டு வந்தது. தண்ணியில்லாத காட்டுல ஒன்னையத் தேடி வந்தேன் என்ற முதல் சரணம். நான் வைத்த மெட்டில் பாதிதான் இருந்தது. மீதி மாரடிக்கிற மெட்டு. நடுநடுவே 'என் தங்கமே', 'என் ஒறவே' என்று சேர்த்துக்கொண்டார்கள். கடவுளைத் தேடுகிற பாட்டா, செத்தவளைத் தேடுகிற பாட்டா என்று பிரிக்க முடியாதபடி இருந்தது.

எடுத்துக் கொடுத்தவர் காளியம்மா. பங்காளி வீட்டு மூத்த மருமகள், பெருமாள்சாமிக்கு மதினி முறை. சீனி பந்தலுக்குள் ஓடினார்.

"என்ன பாட்டு மதினி இது?"

"களை வெட்டையில நாங்க பாடுற பாட்டு. முத்து சொல்லிக் குடுத்தா. நீ என்னைக்குக் களை வெட்ட வந்த, ஒனக்குத் தெரியுறதுக்கு?"

"சர்ச்சுப் பாட்டுங்கிறாங்க."

"தண்ணியில்லாத காடுன்னு வருது. நம்ம காட்டை விட்டா வேற எவன் காடு இது? போலே அங்கிட்டு."

சீனி வெளியே வந்துவிட்டார். வேறு வழியில்லை. எங்கள் பக்கம் எந்த ஆணும் ஒப்பாரிக்கு நடுவே போய் இதைச் சொல், அதைச் சொல்லாதே என்று அதிகாரம் செய்ய முடியாது. செத்த வீட்டில் பெண்களுக்கென்று இருக்கிற உரிமை அது ஒன்றுதான்; அதை யாரும் தொடுவதில்லை.

போதகர் என் கையைப் பிடித்தார். "அண்ணே, இதுதான் நேரம். பெட்டிய எடுங்க. நாம சேர்ந்து பாட்டத் தூக்கிருவோம்."

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். சபையில் யாராவது தடுமாறிப் பாடினால் நாம் வாத்தியத்தால் தாங்குகிறோம். அது நம் வேலை, நல்ல வேலை. அந்தப் பழக்கத்தில் எனக்கும் கை பரபரத்தது. ஆனால் பெட்டியில் ஒரு கட்டையை நான் அழுத்தினால் அந்த நிமிடமே அது சபையின் பாட்டாகிவிடும். அந்தப் பெண்களின் வாயில் இருக்கிறவரை அது ஒப்பாரி. சம்பந்தி வீட்டார்கூட அதற்குத் தலை குனிந்துதான் உட்கார்ந்திருந்தார்கள். தாங்கப் போய்ப் பிடுங்கிவிடக் கூடாது. வேண்டாம் என்று தலையை அசைத்தேன்.

பாடையைத் தூக்கினார்கள். கொள்ளி வைக்கத் தம்பி மகனைக் கேட்டார்களாம். பெருமாள்சாமி தானே வைப்பதாகச் சொல்லிவிட்டார். நெருப்புச் சட்டியோடு அவர் முன்னால் நடக்க, கொட்டு முழங்க, பின்னால் பெண்கள் பாடிக்கொண்டே வந்தார்கள். முதல் சரணத்தையே திரும்பத் திரும்பப் பாடினார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காட்டில் வேலைக்கு நடுவே அவர்கள் பிடித்துக்கொண்டது தாகத்தின் சரணத்தை மட்டும்தான். துதி வருவது அடுத்த சரணத்தில்.

தெருமுனை வந்தது. அதற்கு அப்பால் சுடுகாட்டுக்குப் பெண்கள் வருவதில்லை. அவர்கள் நின்றார்கள், பாட்டும் நின்றது. கொட்டுக்காரர்கள் அடுத்த அடியை எடுக்கும்போது பெருமாள்சாமி திரும்பி நின்றுவிட்டார். சட்டியிலிருந்து புகை அவர் முகத்தில் அடித்தது. அவர் விலகவில்லை.

"நடண்ணே" என்றார் சீனி.

"பாட்டு முடியட்டும்."

"முடிஞ்சிருச்சுண்ணே."

"முடியல. எனக்குத் தெரியும். முழுசாப் பாடணும்னு கேட்டா. நான் சரின்னு சொல்லியிருக்கேன்."

அன்று காலையிலிருந்து ஊர்க்காரர்கள் முன்னால் அவர் தம்பியை மறுத்துப் பேசிய முதல் பேச்சு அது. கொட்டு நின்றது. காளியம்மா திகைத்துப்போய் மற்ற பெண்களைப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை. மிச்சம் தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் நாங்கள் நாலு பேர்தான். நாங்கள் பாடக் கூடாது.

எழுத்துத் தெரியாதவர்கள் அதிகமாக உள்ள சபைகளில் வரி எடுத்துக் கொடுப்பது என்று ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் வரியைப் பேச்சாகச் சொல்வார், மற்றவர்கள் அதைப் பாட்டாகப் பாடுவார்கள். இப்போது சுவரில் திரை போட்டு எழுத்தை ஓட விடுவதால் உங்களில் பலருக்கு அது பழக்கம் இருக்காது. நான் காளியம்மாவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"அக்கா, நான் சொல்றேன். நீங்க உங்க ராகத்துலயே பாடுங்க."

"என்னய்யா சொல்லிக் குடுக்கிறீக அங்க?" என்று சீனி கத்தினார்.

"மறந்த வரியக் கேட்டேன். ஒனக்கென்னடா?" என்று காளியம்மா திரும்பாமலே சொன்னார்.

இரண்டாம் சரணத்தின் முதல் வரியில் என் நாக்கு நின்றுவிட்டது. அந்தச் சங்கீதத்தில் அந்த இடத்தில், உயிரைவிட உன் தயவு பெரிது, அதனால் என் உதடு உன்னைப் புகழும் என்று வருகிறது. தகரக் கூரைக்கு அடியில் எத்தனையோ வெள்ளிக்கிழமை அதை வாசித்திருக்கிறேன். அங்கே அது சுலபமாக வரும். இங்கே நாலு பேர் தோளில் அந்த அம்மா கிடக்கிறார். உயிரைவிடப் பெரியது ஒன்று இருக்கிறதென்று எந்த வாயால் சொல்வது? அதைத் தாண்டி மூன்றாம் சரணத்துக்குப் போய்விடலாம். ஒருவருக்கும் தெரியாது. பெருமாள்சாமிக்குத் தெரிந்தாலும் தெரியலாம்.

முழுசா என்று கேட்டது அந்த அம்மா. அதனால் சொன்னேன். "உசுரைவிட உன் தயவு பெருசு சாமி."

காளியம்மா பாடவில்லை. திரும்பி என்னை முறைத்தார்.

"அதெப்படிய்யா? உசுரை விடவா? எந்தத் தயவு பெருசு? இந்தா கெடக்காளே, இவ உசுரோட இருந்தாப் போதாதா எங்களுக்கு? நான் பாட மாட்டேன்."

மற்ற பெண்கள் விசும்பினார்கள். போதகர் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். அன்று அவர் செய்த நல்ல காரியம் அது.

பெருமாள்சாமி நின்ற இடத்திலிருந்தே சொன்னார்.

"அவ அப்படித்தான் பாடுனா மதினி. மருந்து கேக்காமப் போன பெறகும் அப்படித்தான் பாடுனா. இது பொய்யில்லையான்னு நானும் கேட்டேன். நீங்க பேசாம இருங்கன்னுட்டு மறுபடியும் பாடுனா. எனக்கும் வெளங்கல. பாடு மதினி. அவளுக்காகப் பாடு."

காளியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மார்பில் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு அந்த வரியை எடுத்தார். பாதியில் குரல் உடைந்தது. மிச்சத்தை மற்ற பெண்கள் முடித்தார்கள். நான் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, இரண்டாம் சரணமும் மூன்றாம் சரணமும் அந்தத் தெருமுனையில் பாடப்பட்டன. துதி என்று நாம் சொல்கிற எதுவும் காதுக்குக் கேட்கவில்லை. கைதட்டல் இல்லை, தாளம் இல்லை. அழுகை மட்டும் இருந்தது, அந்த அழுகைக்குள் வார்த்தைகள் இருந்தன. என் காலத்தில் நான் கேட்ட துதி அதுதான். அதற்கு நான் வாசிக்கவில்லை.

கடைசி வரி முடிந்ததும் பெருமாள்சாமி பெண்களைப் பார்த்து ஒருமுறை தலையை அசைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். கொட்டு மறுபடி எழுந்தது. ஆண்கள் போனார்கள். போதகரும் சபையார் இருவரும் அவர்களோடு போனார்கள்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். பெண்கள் குளிப்பதற்காகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். காளியம்மா மட்டும் ரோட்டோரம் கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஏய்யா, அந்த வரி நெசமா?" என்று கேட்டார்.

"தெரியலக்கா."

"தெரியாமலா இத்தன வருசம் வாசிச்சீக?"

"ஆமாக்கா."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார்.

"சரி. தெரிஞ்சா ஒரு எட்டு வந்து சொல்லிட்டுப் போங்க."

நான் இன்னும் அந்த ஊருக்குப் போகவில்லை.